அக்கா துடைத்த திரை

அக்காவிடம் திட்டு வாங்காத எவரும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்க மாட்டீர்கள். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் துடைத்துவிட்டு, "இவ்ளோ அழுக்குல எப்படிடா கண்ணு தெரியுது ஒனக்கு?" என்று என் ஐம்பது வயதிலும் கேட்டவர் அவர்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவையும் என்னையும் தாங்கியது மருத்துவமனையில் அக்கா பார்த்த எக்ஸ்ரே வேலைதான். ஈசூனில் அடுக்குமாடி வீடு கிடைத்ததும் அதனால்தான்.

அப்போதெல்லாம் எக்ஸ்ரே ஃபிலிம் வைக்கும் பெட்டிக்குள் ஒரு திரை இருக்கும். எக்ஸ்ரே பட்டதும் அதன் பூச்சு ஒளிரும். அந்த ஒளியில்தான் படம் பதியும். தூசி ஒளியை மறைத்தால் ஃபிலிமில் வெள்ளைப் புள்ளி விழும். நுரையீரலில் கட்டி இருந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே தினமும் காலையில் திரைகளைத் துடைப்பது அக்காவின் பொறுப்பு.

என் நிச்சயதார்த்த அலைச்சலில் ஒரு வாரம் அவற்றைத் துடைக்காமல் விட்டுவிட்டார். அந்த வாரம்தான் இருமலென்று வந்த அம்மாவுக்கு அவரே படம் எடுத்தார். நுரையீரலில் புள்ளி. வீடே இடிந்துபோனது. நான்காம் நாள் வேறொருவர் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார்; திரையில் தூசி. நேரே மருத்துவரிடம் போய், "தப்பு என்னோடது டாக்டர்" என்றார். அந்தப் பெட்டியில் படம் எடுத்த அத்தனை பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி எடுத்தார்.

விஷயம் தெரிந்து அம்மா கரண்டியோடு துரத்தினார். "பாவி, நாலு நாளா உயிர எடுத்துட்டியேடி!" பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சென்ற ஆண்டு அக்காவின் நுரையீரலில் புள்ளி தெரிந்தது.

"தூசியா இருக்கும்க்கா" என்றேன்.

"இப்ப உள்ள மெஷின்ல அந்தப் பூச்ச உள்ளயே சீல் பண்ணிடுறாங்கடா. தூசி போகாதுலா" என்று சிரித்தார். அதன்பின் எட்டு மாதம்தான் இருந்தார்.

பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்த புளோக் அண்டைவீட்டாருக்கும், மண்டாய் தகனச்சாலை வரை கூட வந்த உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். இன்னும் ஒருவர் இருக்கிறார். அக்காவோடு வேலை பார்த்து, அக்காவுக்கே எக்ஸ்ரே எடுத்த தோழி. புள்ளியைப் பார்த்ததும் அவர் துணியை எடுத்து, இயந்திரத்தின் பலகையைத் துடைத்துவிட்டு, மறுபடி எடுத்தாராம். பயனில்லை என்று இருவருக்குமே தெரியும். இருந்தும் அக்கா இன்னொரு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அந்தத் தோழிக்கு எங்கள் நன்றி.