அத்தை கேட்காத மன்னிப்பு

ஜொகூர் பாருவில் எனக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் இளைஞர், போன வாரம் நான் மட்டை வீசியதைக் கைப்பேசியில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். "இங்க பாருங்க அங்கிள். பந்துகிட்ட வர்றப்ப மணிக்கட்ட இறுக்கிடுறீங்க. மட்டையோட தலைய ரிலீஸ் பண்ணணும். விடுங்க லா, அது தானா போகும்."

எனக்கு இது தெரியும் என்றேன். எழுபது தாண்டிய கிழவனின் வீம்பு என்று நினைத்துச் சிரித்தார். தெரியும் என்பது உண்மைதான். வாழ்நாளில் ஒரே ஒருமுறை கோல்ஃப் மட்டையைத் தொட்ட என் அத்தை, அதை அப்பாவுக்குச் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். அன்று நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அதைச் சாக்காகச் சொல்லப்போவதில்லை.

பெக்கோக்கை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் அது. துரைமார்களுக்கென்று ஒன்பது குழி கொண்ட ஒரு கோல்ஃப் திடல் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் திடலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அப்பா அங்கே கேடி. துரையின் மட்டைப் பையைச் சுமந்து பின்னால் நடப்பார், பந்து விழும் இடத்தைக் கண் வைத்துக்கொள்வார். துரை காட்டுக்குள் அடித்த பந்து கிடைக்காவிட்டால் "சாரி சார்" சொல்ல வேண்டியவரும் அவர்தான். அத்தைக்கு இது மட்டும் பொறுக்காது. "அடிச்சுத் தொலைச்சது அவரு. நீ எதுக்குண்ணே சாரி சொல்ற?" என்பார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

அத்தை அப்பாவின் தங்கை. கணவர் இறந்தபின் எங்களோடு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தார். அதே திடலில் அவருக்குப் புல்வெட்டு. இடுப்பளவு கம்பு, அதன் நுனியில் மட்டைபோல வளைந்த மெல்லிய தகட்டுக் கத்தி. நின்றபடியே ஒரு கையால் வீசுவார். 'உஸ்' என்று ஒரு சத்தம், புல் சாயும், கத்தி தோளுக்கு ஏறிவிடும். காலையிலிருந்து மதியம்வரை அதே வீச்சுதான். கை வலிக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமைகளில் துரைமார்களின் கோல்ஃப் கிளப் மூடியிருக்கும். அன்று காலை மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். துரை கழித்துப் போட்ட இரும்பு மட்டை ஒன்று அப்பாவிடம் இருந்தது. மூன்றாவது குழிக்கு முன்னால் ஒரு குளம். அப்பா எப்படி அடித்தாலும் பந்து வலப்பக்கம் வளைந்து ரப்பர் மரங்களுக்குள் போய்விடும். அவருக்கு அது நெடுநாள் அவமானம். பள்ளி விடுமுறையில் அந்தப் பந்துகளைப் பொறுக்கி வருவது என் வேலை.

அன்று அத்தை குளத்தங்கரையில் வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பந்தும் மரத்துக்குள் போனதும் கத்தியை ஊன்றி நின்றுவிட்டார்.

"கோழிக் கழுத்தப் புடிச்சாப்ல புடிக்கிறியேண்ணே. சத்தம் எங்க வருதுன்னு கேளு. ஒனக்குத் தோளுக்குப் பின்னாலயே வந்துருது. எனக்கு எங்க வருது பாரு." கத்தியை வீசினார். கால்களைத் தாண்டியபின்தான் 'உஸ்' கேட்டது. "கீழ வர்றப்ப கைய இறுக்கினா கத்தி மண்ணுல குத்திக்கும். கத்தி ஒன் கையத் தாண்டிப் போவணும். போவ விடு."

"பெரிய புரோபெசரு இவ! நீயே அடி பாப்போம்" என்றார் அப்பா.

அத்தை அடித்தார். முதல் வீச்சில் காற்றுதான் கிடைத்தது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டாவதில் மட்டையின் தலை கைகளைத் தாண்டிச் சுழன்றது, வலது முன்கை இடதின் மேல் புரண்டது. பந்து குளத்துக்கு மேலே நேராகப் போய் அக்கரையில் விழுந்தது. தூரத்தில் நின்ற கேடிகள் விசில் அடித்தார்கள்.

மூடிய நாளில் கிளப்பின் செயலாளரான துரை ஏன் வந்தார் என்று தெரியாது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் இன்னும் படிக்கவில்லை. அந்தக் குளத்தைத் தாண்ட அவரே மூன்று பந்துகளைச் செலவழிப்பார். முகம் சிவந்து வந்தார். தோட்டத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் ஒரே பிள்ளை நான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புல்வெட்டுக்காரி மட்டையைத் தொடக் கூடாது. இப்போதே மன்னிப்புக் கேட்டால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் இன்றோடு போய்விடலாம். அவளிடம் இதைத் தமிழில் சொல் என்றார் என்னிடம். சொன்னேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை குனியவில்லை.

"நான் வெட்டின புல்லுலதான அவரு நிக்கிறாரு? அவரு நிக்கலாம், நான் நிக்கக் கூடாதா? மன்னிப்பெல்லாம் கெடயாது. வேல போனாப் போவட்டும், எனக்குக் கையி இருக்கு. நான் சொன்னபடியே சொல்லுடா."

நான் துரையைப் பார்த்து, "ஷீ இஸ் சாரி, சார்" என்றேன்.

துரையின் முகம் தெளிந்தது. "குட் கேர்ள்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தை என்னை ஒரு முறை பார்த்தார். மட்டையை அப்பாவின் கையில் கொடுத்தார். கத்தியை எடுத்துக்கொண்டு திடலின் அந்தக் கோடிக்கு நடந்தார்.

தூரத்தில் நின்ற கேடிகளுக்கு அத்தை நிமிர்ந்து நின்று பேசியதும் துரை திரும்பிப் போனதும் மட்டும்தான் தெரிந்தது. மாலைக்குள் லயம் முழுக்க அதே பேச்சு. "தொரையவே எதுத்து நின்னுட்டாளே!" என்று பெண்கள் வந்து சூழ்ந்தார்கள். அத்தை, "வேல கெடக்கு, போங்கடி" என்று விரட்டினார். அடக்கம் என்று நினைத்தேன். ஒரே சொல்லில் வேலையையும் பெயரையும் காப்பாற்றிவிட்ட கெட்டிக்காரன் நான் என்று எனக்குள் பெருமை வேறு.

நீ செய்தது சரிதானே என்று இதைப் படிப்பவர் யாராவது சொல்லலாம். ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வேலை அவருடையது, அதை இழக்கும் உரிமையும் அவருடையது. அவர் தெரிந்தே வைத்த பணயத்தை நான் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அதன்பின் முப்பது ஆண்டுகள் அத்தை உயிரோடு இருந்தார். அன்று நடந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெரிய படிப்பெல்லாம் படித்தவன், சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துக் குடியுரிமைத் தாள்களுக்காக அத்தை சிகாமட்டில் இருந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போகும்படி அப்பா அத்தையிடம் சொன்னார்.

"அவன் வேணாம்ண்ணே. எனக்குத் தெரிஞ்ச மலாய் போதும். நான் சொல்றத நானே சொல்லிக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அத்தை தனியாக ரயிலேறினார். தாள் சரியில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறையும் தனியாகவே போனார்.

அன்று லயத்துப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் இருந்தது. என் விளையாட்டுக் கெட்டுவிடக் கூடாதென்று அத்தை தானே சிரமப்படுகிறார், அத்தனை பாசம் என் மேல் என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் பந்தாட ஓடினேன்.