அதுவும் வேலிதாங்க சார்

நேற்று எங்கள் தெருக்கோடியில், போன வருஷம்வரை வயலாக இருந்த இடத்தை, மனை விற்பவர் ஒருவர் கைப்பேசியும் கையுமாகச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று முடிந்ததும் சுற்றளவு, பரப்பளவு இரண்டையும் கைப்பேசியே சொல்லிவிட்டது. எனக்கு என்னமோ ஈரமான தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை அடித்தது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. பெரம்பலூரிலிருந்து வந்து, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் ஆனேன். சூத்திரத்தைத் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்த பிள்ளைகள் சுற்றளவு கேட்டால் பெருக்கினார்கள், பரப்பளவு கேட்டால் கூட்டினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய கிணற்றுக் கயிற்றோடு எல்லோரையும் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முனைகளை முடிந்து, நான்கு பேரை மூலைக்கு ஒருவராக நிறுத்தி, மற்றவர்களை உள்ளே உட்காரச் சொன்னேன். ஒடுக்கிப் பிடித்தால் ஒரு வரிசை உட்காரவே திண்டாட்டம். சதுரமாக இழுத்தால் வகுப்பே அடங்கிவிட்டது.

"கவுறு அதேதானே டீச்சர், எடம் மட்டும் எப்புடிக் கூடுது?" என்றாள் மல்லிகா. சரியான வாயாடி. அந்தக் கேள்வியைக் கேட்டு எனக்கு வயிறே நிறைந்துவிட்டது.

"கயிறுதான் வேலி, அது சுற்றளவு. உள்ள உக்கார்ற எடம் பரப்பளவு" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல.

தலைமையாசிரியருக்குத்தான் பிடிக்கவில்லை. "ஏ.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் வராரு. புள்ளைங்க ஒழுங்கா பதில் சொன்னா கவுறு இருக்கட்டும். இல்லன்னா கரும்பலகைதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பயமில்லை. என் பிள்ளைகள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வந்த அதிகாரி நேராக மல்லிகாவை எழுப்பினார்.

"சுற்றளவுன்னா என்னம்மா?"

"வேலிங்க சார்."

"பரப்பளவு?"

"அதுவும் வேலிதாங்க சார்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கயிறு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மானாவாரிச் சீமைக்காரி நான். எனக்குத் தெரிந்த வேலியெல்லாம் கருவேல முள்தான்.

மல்லிகா உட்காரவில்லை. "ஆடு நொழையாம சுத்தி அடைக்கிறது முள்ளுவேலி, அது சுத்தளவு. எங்க மாமாவுக்கு அர வேலி நெலம், மூணு ஏக்கருக்கு மேல இருக்குதுங்க, அது பரப்பளவு. பேருதான் சார் ஒண்ணு, கணக்கு வேற."

அதிகாரி தஞ்சாவூர்க்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்க ஊர்லயும் வேலிக் கணக்குதாம்மா" என்றவர், அவள் கயிற்றுப் பாடத்தையும் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "அந்தக் கவுத்த உள்ள வச்சுப் பூட்டிடாதீங்க டீச்சர்" என்றார். மறுநாள் தலைமையாசிரியரே புதுக் கயிறு வாங்கி வந்தார். பழசு இற்றுப்போய்விட்டதாம்.

நேற்று அந்தக் கைப்பேசிக்காரரிடம் போய், "மொத்தம் எத்தனை வேலிங்க வரும்?" என்று கேட்டேன்.

"வேலியா?" என்று சிரித்தார். "அதெல்லாம் இப்ப யாரும்மா போடுறாங்க? சுத்தி காம்பவுண்டே கட்டித் தரோம்."