தறி நின்ற ஆறு மணி நேரம்

மில்லிலும் பட்டறையிலும் வீடியோ எடுக்கக் கிளம்புகிறவர்கள் சிலர் பட்ஜெட் போடுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நான் போட்ட முதல் பட்ஜெட்டைச் சொல்கிறேன். 1994, கார்த்திகை மாதம். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறைக்கு மூன்று நிமிட விளம்பரப் படம். மொத்தம் பதினெட்டாயிரம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்றார் முதலாளி. "துண்டு விழாது சார்" என்று மார்தட்டி வாங்கிய வேலை.

காலை ஐந்து மணிக்கு மதுரையில் வேன் ஏறினோம். வாடகை 900, டிரைவர் பேட்டா 50. எழுபத்தைந்து கிலோமீட்டர். ஏழு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இளவெயிலில் கோபுரத்தை எடுத்தோம். கால் கிலோ பால்கோவா வாங்கினேன் (அது என் சொந்தக் காசு, சிரிக்காதீர்கள்). அங்கிருந்து இராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர்தான். ஆனால் ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் போயிற்று. கேமராவுக்கு நாள் வாடகை 2500, லைட்டுக்கு 1200. கேட்டில் நின்ற நேரத்துக்கும் அந்த வாடகை ஓடியது.

பட்டறைக்குள் தறிச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. எல்லாத் தறியையும் நிறுத்த முதலாளிக்கு மனமில்லை. தனி அறையிலிருந்த இரண்டு தறிகளை மட்டும் நிறுத்தி அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டும் மாரியம்மாள் ஓட்டும் தறிகள். காலை பத்து மணிக்கு நிறுத்தினோம். அப்போதே அவர் என்னிடம் வந்தார்.

"சார், தறி ஓடுனாத்தான் எனக்கு மீட்டர் கணக்குல கூலி. நிக்கிற நேரத்துக்கு யாரு தருவா? திங்கக்கெழம மவளுக்குப் பரீட்சப் பீசு கட்டணும்."

மேஸ்திரி குறுக்கே விழுந்தார். "ஏட்டி மாரி, டிவில வாரதுக்குக் கூலி வேற கேக்கியா? செத்த நேரந்தான், நில்லு!"

எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கிய ஐந்நூறு ரூபாய் என் சட்டைப் பையில் இருந்தது. "பட்ஜெட்ல அதுக்குத் தலைப்பு இல்லம்மா" என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாரியம்மாள் தறிப் பக்கம் திரும்பினார். துணியை மடித்தபடி நிற்கச் சொன்னோம், நின்றார். அவர் கம்மலில் லைட் பட்டு மின்னியது கேமராமேனுக்குப் பிடித்துப்போய், அதையே நாலு தடவை எடுத்தார். முடிக்கும்போது மாலை நான்கு.

ஐந்நூறையும் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். "எம்புட்டுக் கெட்டிக்காரர்யா நீரு!" என்றார் முதலாளி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து கேசட்டோடு பஸ்ஸில் போனேன். ஆபீஸ் டிவியில் போட்டோம். மாரியம்மாளையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். திரையில் கம்மல் மின்னியபோது பெருமையோடு அவர் பக்கம் திரும்பினேன். காதுத் துளை இரண்டிலும் ஈர்க்குச்சி செருகியிருந்தது.

"கம்மல் எங்கம்மா?"

"அந்த வாரக் கூலில முப்பத்தஞ்சு ரூபா துண்டு விழுந்துச்சு சார். பீசுக்குக் கேட்ட எடத்துல கெடைக்கல. அடகுல இருக்கு." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "படத்துல நல்லாத் தெரியுது, என்ன?"

போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து விடியுமுன் கிளம்புங்கள். ரயில்வே கேட்டுக்கு அரை மணி ஒதுக்குங்கள். பட்ஜெட்டில் கேமராவுக்கும் லைட்டுக்கும் முன்னால், முதல் வரியாக, உங்களால் வேலை நிற்கிறவருக்குக் கூலி என்று எழுதுங்கள். அதை எதிர்பாராச் செலவில் சேர்க்காதீர்கள். மாரியம்மாள் அதைக் காலை பத்து மணிக்கே சொல்லிவிட்டார்.