அண்ணன் கட்டிய விமானமும் ஒரு குங்குமப் பொட்டும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. தியாகதுருகத்தில் இன்றும் "ஏரோப்ளேன்காரர் வூடு" என்றுதான் எங்களுக்கு வழி சொல்கிறார்கள்.

கரும்பு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டு, கள்ளக்குறிச்சியில் டிராக்டர் பட்டறை வைத்து, தங்கையான என்னைக் கரையேற்றினார். கல்வராயன் மலைக்கு வேலையாகப் போனால், வேலை முடிந்தும் வட்டமடிக்கும் கழுகையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஐம்பது வயதுக்குமேல், பட்டறைக்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தைத் தன் கையாலேயே கட்டத் தொடங்கினார். அண்ணியிடம் ஒரே பேச்சுதான்: "உன்ன வெள்ளிமலைக்கு மேல ஒரு சுத்து சுத்திக் காட்றேன் பாரு."

அவரைப் படாதபாடு படுத்தியவை பெட்ரோல் போகும் எவர்சில்வர் குழாய்கள். குழாயைக் கைக்கருவியில் இறுக்கி, எண்ணெய் தொட்டு, மெல்லத் திருகித் திருகி அதன் வாயைப் புனல்போல் விரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் கீறிவிடும். விரிக்கும் முன்பே நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். மறந்தால், விரிந்த வாயில் நட்டு நுழையாது; விரித்ததை வெட்டிப்போட வேண்டியதுதான். "நட்டு கோத்தீங்களா?" என்று கேட்பது அண்ணியின் வேலை. அப்படியும் மறந்துவிட்டு, "நீ ஏன் கேக்கல?" என்று பாய்வார். "கேட்டேன், நீங்க பாட்டு பாடிக்கினு இருந்தீங்க" என்பார் அண்ணி.

அலையாய் அலைந்து அனுமதி வாங்கி, ஆயுத பூஜைக்கு மறுநாள் பறப்பதென்று முடிவானது. உளுந்தூர்பேட்டை, திருநாவலூர் சொந்தமெல்லாம் வந்து இறங்கியது. பூஜையில் அண்ணி விமானத்துக்குப் பொட்டு வைத்தார். சக்கரம், இறக்கையோடு விட்டாரா? குழாய் மூட்டு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம்! மறுநாள் காலையில் ஒரு மூட்டில் பொட்டு கரைந்து வழிந்திருந்தது. பெட்ரோல் கசிந்திருக்கிறது. அண்ணன் கழற்றிப் பார்த்தால், விரித்த வாயில் முடியளவு கீறல்.

"இன்னிக்குப் பறக்கல" என்றார். சின்ன மாமா சிரித்தார்: "இன்னா மாப்ள, ஏரோப்ளேன் பஞ்சரா?"

"அத மட்டும் மாத்திட்டுக் கெளம்பேண்ணா" என்றேன் நான்.

"எல்லாம் ஒரே கையில செஞ்சதும்மா. இது கீறுச்சுன்னா மத்தது கீறாதா?" என்றவர், அத்தனை குழாயையும் வெட்டிப்போட்டார்.

மறுபடி முதலிலிருந்து விரித்துக்கொண்டு வந்தார். பாதிகூட முடியவில்லை, பொங்கல் கழிந்ததும் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன ஒரு தபா கூட்டிக்கினு போவலியே" என்று அழுதார். பாவி எமன், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

அன்று காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த பட்டறைத் தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை அண்ணியைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும், தூரம் பாராமல் வந்து நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அண்ணியைப் பார்க்க வரும்போது, "பறக்காமலே பூட்டாரே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்கள் போன பிறகு அவர் என்னைக் கேட்கிறார்: "அந்த ஒரு பொட்ட நான் வெக்காம இருந்திருந்தா, அவரு ஆசப்பட்ட மாதிரி பறந்திருப்பாரு இல்ல?"

பறந்திருப்பார், அண்ணி. அன்றே நம்மை விட்டுப் போயுமிருப்பார். நீங்கள் வைத்த பொட்டால்தான் அந்தத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அது போதவில்லை, அண்ணி.