வெறும் நெற்றி

பல் டாக்டரின் கிளினிக்கில் அந்தப் படத்தின் பிரதி மாட்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த படம்தான். கைமேல் கை வைத்துக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்திருக்கிற வெளிநாட்டுப் பெண். அசல் படத்துக்கு விலையே போட முடியாதாம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காவல் போட்டிருக்கிறார்களாம். ரூட் கெனாலுக்காக நான்கு வாரம் போனேன், நான்கு வாரமும் எதிரில் அவள்தான். தாடை வீங்கியிருந்த எரிச்சலோ என்னவோ, எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அப்படி என்ன கிழித்துவிட்டாள்? சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒருவன் எதிரில் இருந்து அவளை உற்றுப் பார்த்தான். அதற்கு இவ்வளவு மரியாதை.

நானும்தான் முப்பத்தொரு வருடமாக டெல்லி ஜனக்புரியில், மூன்றாவது மாடி பால்கனியில், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓவியம் எனக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் முறையாகப் படித்தவள். டெல்லிக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து, போன வருடம்தான் நின்றேன். அத்தனை வருடமும் மலை, மலைக்கு நடுவில் சூரியன், ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் தொங்கவிட மயில். எனக்கென்று ஒரு படம் வரைந்ததில்லை. அந்தப் பெண்ணின் படத்தை என் பாணியில் வரைவது, அவள் இடத்தில் நான் உட்காருவது என்று முடிவு செய்தேன். என் ஆசையை வெட்கமில்லாமலே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து வீட்டில் ஒருவராவது ‘இது நீதானே’ என்று கேட்க வேண்டும். நானாகச் சொல்லக் கூடாது.

சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் வரைந்தேன். அவளுடைய கறுப்பு உடைக்குப் பதிலாக, சேலைக்கு மேலே என் பழுப்பு ஸ்வெட்டர். அவளுக்குப் பின்னால் ஆறும் பாலமும் உண்டு. எனக்குப் பின்னால் நஜஃப்கர் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயும் மெட்ரோ தூண்களும். நாலா எங்கள் பால்கனியிலிருந்து தெரியாது, நாற்றம் மட்டும்தான் வரும். தெரிவதாக வரைந்துகொண்டேன். அவளுக்குப் புருவம் இல்லை, நான் வைத்துக்கொண்டேன். நெற்றியை மட்டும் அவளைப் போலவே வெறுமையாக விட்டேன். ஸ்டிக்கர் பொட்டு ஒத்துக்கொள்ளாமல் அரித்ததால் இரண்டு வருடமாக நான் பொட்டு வைப்பதில்லை. அதுவும் வீட்டில் யார் கண்ணிலும் பட்டதில்லை.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் அதே மேஜையின் மறு முனையில் பேப்பர் படிப்பார். மூன்று மாதத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. “இந்த டர்பென்டைன் நாத்தம் எப்ப போகும்?”

கண்ணாடி வைத்து ஃபிரேம் போட்ட கடைக்காரர் அடியில் இரண்டு அங்குலத்தை உள்ளே தள்ளிவிட்டார். நான் போட்டிருந்த கையெழுத்து அதோடு போயிற்று. “பையா, பெயர் மறைந்துவிட்டதே” என்று இந்தியில் சொன்னேன். ஃபிரேம் ஜம்மென்று இருக்கிறதே, பெயர் எதற்கு என்றார். ஹாலில் மாட்டினேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு வீடியோ காலில் காட்டினேன். “அரே மம்மி! அந்த ஃபேமஸ் பெயிண்டிங் மாதிரியே பண்ணிட்ட! அந்த ஸ்மைல் மட்டும்தான் வரல” என்றாள். எங்கேயோ இருக்கிற வெளிநாட்டுக்காரியை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். பெற்றவளைத் தெரியவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதற்கடுத்த வாரம், காசிக்குப் போகிற வழியில் பாளையங்கோட்டையிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார்கள். பையைக் கீழே வைப்பதற்குள் படத்தைப் பார்த்துவிட்டார்கள். அப்படியே நின்றார்கள். சரி, இவர்களாவது.

“ஏட்டி, இத நீயா வரஞ்ச?”

“ஆமா மதினி.”

“அம்மா அப்படியே உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு!”

எனக்கு முதலில் புரியவில்லை. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார்கள். “ஆத்தையும் போட்டிருக்கா பாரு. தாமிரபரணி, பாலம் எல்லாம்.” பிறகு தம்பியிடம் திரும்பி, “அம்மா சுமங்கலியால்லா போனாவ. நெத்திய ஏம்ல வெறுமனே விட்டிருக்கிய?” என்று கேட்டார்கள்.

மதினி சொன்ன அம்மா என் மாமியார். இறந்து பல வருடம் ஆகிறது. அத்தைக்கு நல்ல போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மா படம் இல்லை என்பது மதினிக்கு நெடுநாள் குறை. அத்தை ஒரே ஒரு குளிர்காலம் இங்கே வந்து இருந்தார்கள். குளிர் தாங்காமல் என் பழுப்பு ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு, அதே பால்கனி நாற்காலியில் வெயில் காய்ந்தார்கள். “படம் வரையத வுட்டுட்டு அடுப்பப் பாரு” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்கள்.

என் கணவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அம்மாதான் அக்கா. அந்தக் குளிருல போட்டிருந்த ஸ்வெட்டர் பாத்தியளா?” என்றார். அழுதார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றேன். சொல்லியிருக்கலாம். அழுகிற மனிதரிடம் போய், அது உங்கள் அம்மா இல்லை, நான் என்று எப்படிச் சொல்வது? அதற்குள் மதினி சந்தனம் குழைத்து, கண்ணாடிமேல் நெற்றிக்கு நேராக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார்கள். கேந்திப் பூ மாலை ஒன்று மத்தியானமே வந்துவிட்டது.

அக்காவைச் சமாதானப்படுத்த அவர் ஏதோ பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பொய் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மதினி காசிக்கு ரயில் ஏறிய பிறகு கேட்டேன்.

“ஏங்க, அது யாருன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியலையா?”

“ஏன்? அம்மாதானே?” என்றார். “மூணு மாசமா பாத்துக்கிட்டுதான இருந்தேன். அம்மாவுக்காக இவ்வளவு மெனக்கெடுதாளேன்னு மனசுக்குள்ள நெனச்சேன். எனக்குச் சொல்லத் தெரியல.” எனக்கு நன்றி வேறு சொன்னார்.

அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மாவை நினைத்து அழுகிறவரை எதற்காகத் திட்டுவது? குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அத்தையின் சாயல் வந்துவிட்டதா என்று தேடினேன். இல்லை. தாடை என்னுடையது, மூக்கு என்னுடையது. கொஞ்ச நேரம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போன மாதம் அத்தையின் நினைவு நாள். இதுவரை வெறும் விளக்கேற்றிக் கும்பிடுவோம். இந்த முறை படம் இருக்கிறதே என்று முன்னால் இலை போட்டுப் படையல் வைத்தோம். அத்தைக்குப் பிடித்த பாகற்காய்ப் பொரியலும் புளிக்குழம்பும் நான்தான் சமைத்தேன். பாகற்காய் எனக்குத் தொண்டையில் இறங்காது. அதை என் முகத்துக்கு நேராகவே பரிமாறினேன். அவர் எதிரில் நின்று கும்பிட்டார். கண்ணை நன்றாக மூடிக்கொண்டுதான்.

“நீயும் விழுந்து கும்பிடு” என்றார். விழுந்தேன். எழுந்து, கண்ணாடியில் காய்ந்திருந்த பழைய குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தேன். ஒரு நிமிடம் நெற்றி வெறுமையாக இருந்தது. அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா பெருசா வை” என்றார். “அம்மா பெருசாத்தான் வைப்பாவ.”

பெரிதாகவே வைத்தேன்.