எடைமேடையில் அணைத்த கேமரா

கல்குவாரி வாசலில் ஒரு எடைமேடை. அதன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவளை லாரி டிரைவர்கள் எடையக்கா என்பார்கள். கரண்ட் போய் வந்தால் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஒரு யுகம் ஆகும். அப்படி ஒருநாள் காத்திருந்த டிரைவர் ஒருவன் பொறுமை இழந்து கல்லை விட்டெறிந்தான். ஜன்னல் சில்லு தெறித்து அவள் புருவம் கிழிந்தது. கீபோர்டெல்லாம் ரத்தம்.

தையல் போட்டுக்கொண்டு வந்தவள், கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தங்கைக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டர் எழும்போதே ஒரு கூட்டம் ப்ரோகிராம்கள் தாமாகக் கூடவே எழுந்து அதை இழுத்துப் பிடிக்கின்றன, ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் வேண்டாததை அணைத்துவிடு, தெரியாததை மட்டும் என்னைக் கேட்காமல் தொடாதே என்றாள் தங்கை. இவளுக்கு இருந்த எரிச்சலில் எடை ப்ரோகிராமைத் தவிர அத்தனையையும் அணைத்தாள். அதன்பிறகு கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்தது. டிரைவர்களும் அடங்கினார்கள்.

அடுத்த வாரமே வரிசையில் யார் முந்துவது என்று தகராறு. முதலாளியின் மச்சான் ஜாக்கிக் கம்பியை எடுத்துத் தாடிக்காரர் என்ற வயதான டிரைவரின் தோளில் இறக்கினான். அடுத்த அடி தாடையில். பல் ஜல்லியில் சிதறியது. விழுந்தவர்மேல் மறுபடியும் கம்பியை ஓங்கினான். ஓடிப்போய் எடையக்கா குறுக்கே விழுந்தாள். அவள் மணிக்கட்டு நொறுங்கியது.

போலீஸ் எடைமேடைக் கேமராவின் பதிவைக் கேட்டது. பதிவே இல்லை. அவள் அணைத்தவற்றில் கேமரா ப்ரோகிராமும் ஒன்று.

முதலாளிக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. ஆஸ்பத்திரிக்கே வந்து, வைத்தியச் செலவு தன்னுடையது, லாரிக் கதவு பட்டுக் கை ஒடிந்தது என்று சொன்னால் போதும் என்றார். வம்பு வேண்டாம், சொல்லிவிடு என்றான் புருஷன். தாடிக்காரரின் மனைவியோ, இவள் காசு வாங்கிக்கொண்டுதான் அணைத்தாள் என்று நம்பி, வார்டில் எல்லாரும் பார்க்க அவளைக் கன்னத்தில் அறைந்தாள்.

எடையக்கா கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"அணைச்சது நான்தான்க்கா. விவரம் தெரியாம பண்ணிட்டேன். கேமரா பாக்கலைன்னா என்ன, நான் பாத்தேன். வந்து சொல்றேன்."

வழக்கு நடந்தபோதே வேலை போயிற்று. சாட்சிக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரை யாரோ எரித்தார்கள். ஆனாலும் போனாள், சொன்னாள். மச்சான் ஜெயிலுக்குப் போனான். தாடிக்காரருக்கு இன்றைக்கும் கஞ்சிதான் இறங்குகிறது. இவளுக்கு மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது.

உனக்கெதுக்கு இந்த வம்பு என்று புருஷன் இப்போதும் முணுமுணுக்கிறான். கருகிய ஸ்கூட்டரைத் தாண்டி, அன்றைக்கு அவளை பஸ்ஸில் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனதும் அவன்தான்.