மாப்பிள்ளை ஏணி ஏறிய திங்கட்கிழமை

இரும்பு ஏணி செய்யும் கம்பெனிக்கு வாய்த்த புது முதலாளிக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். ஆண்டவனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

அதுவரை அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தரைத்தளத்தில் விண்ணப்பம் சரிபார்த்தவர். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்புவார். மாமனார் கண்ணை மூடியதும் கம்பெனி மகள் கைக்கு வந்தது. மகளோ பல் டாக்டர். "ஊரார் வாயைப் பாக்கவே எனக்கு நேரம் பத்தல, இத நீங்க பாத்துக்கங்க" என்று சாவியைப் புருஷன் கையில் திணித்துவிட்டாள். ஷெட்டில் அவரை முகத்துக்கு நேரே 'சார்' என்றார்கள், முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை'.

மாப்பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை. கம்பெனி நடத்துவது எப்படி என்று பன்னிரண்டு புத்தகங்களைப் படித்து அடிக்கோடு போட்டுக்கொண்டு வந்தார். தலைவனுக்குத் துணிச்சல் வேண்டும் என்று பன்னிரண்டும் ஒரே பாட்டைப் பாடின. துணிச்சலுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

மாமனார் புத்தகப் பக்கமே போகாதவர். அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. திங்கட்கிழமைதோறும் காலையில், ஷெட்டைப் பெருக்கும் அம்மா அடுக்கிலிருந்து ஏதோ ஓர் ஏணியைக் காட்டுவாள். பெரியவர் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, இடுப்பில் கைவைத்து ஒரு நிமிஷம் நிற்பார். எல்லோரும் கைதட்டிய பிறகுதான் அந்த வாரச் சரக்கு வெளியே போகும். மாப்பிள்ளை வந்ததும் முதல் வேலையாக அந்தப் பழக்கத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பரிசோதனைப் படிவம் அச்சடித்தார்.

மூன்றாம் மாதம் படியின் வெல்டிங் பிய்ந்து இரண்டு ஏணிகள் திரும்பி வந்தன. ஒன்றிலிருந்து விழுந்த பெயிண்டருக்குக் கால் ஒடிந்திருந்தது. மாப்பிள்ளை தலைமை வெல்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். இருபது வருஷம் நெருப்போடு மல்லுக்கட்டிய அந்த மனிதர் காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"என் வேலை மேல சந்தேகம்னா, பெரியவர் மாதிரி ஏறிப் பாருங்க சார். திங்கக்கிழமை நீங்க ஏறலேன்னா, மறுநாள்லேர்ந்து நாங்க பதினோரு பேரும் வரமாட்டோம்."

பதினோரு பேரும் போனால் மிஞ்சுவது பெருக்கும் அம்மாவும் பன்னிரண்டு புத்தகங்களும்தான். மாப்பிள்ளை ஏற ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை, இருபக்கமும் படி வைத்த பத்தடி ஏணி ஒன்று நடுக்கூடத்தில் நின்றது. மாப்பிள்ளை ஏறினார். ஏறினார் என்றால், ஒவ்வொரு படியையும் கட்டிக்கொண்டு ஊர்ந்தார். கீழே பார்த்தால் மயக்கம், மேலே பார்த்தாலும் மயக்கம். ஆகவே மூக்குக்கு நேரே இருந்த வெல்டிங்கை மட்டும் பார்த்தார்.

"ஒவ்வொரு படிக்கும் முத்தம் குடுக்கறாருடா!" என்று எவனோ கத்த, ஷெட்டே சிரித்தது.

ஏழாம் படியில் அவர் நின்றுவிட்டார்.

"இங்க ஒரு கீறல் இருக்கு" என்றார், பிடித்த படியை விடாமல்.

"சும்மா சொல்லாதீங்க சார்." தலைமை வெல்டர் மறுபக்கமாக ஏறி வந்து விரலால் தடவினார். மயிரிழை விரிசல். அவர் முகம் செத்துப்போனது.

"என் கை வேலைதான்" என்றார் மெதுவாக. "பெரியவரு ஏறுனா கூரையத்தான் பாப்பாரு. இதயெல்லாம் யாருமே பாத்ததில்ல."

பன்னிரண்டு புத்தகங்களில் ஒரு வரிகூட மாப்பிள்ளைக்கு நினைவு வரவில்லை.

"யார் வேலைங்கறத விடுங்க. அடுக்குல இருக்கற நாப்பது ஏணியையும் வெளிய அனுப்பாதீங்க. வாங்கறவன் என்னை மாதிரி பயப்பட மாட்டான். நம்மள நம்பி விறுவிறுன்னு ஏறிடுவான்."

கீழே சிரிப்பு நின்றது.

"அப்புறம்..." மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார். "தயவுசெஞ்சு என்னை இறக்குங்க."

வெல்டர் இறங்கி இந்தப் பக்கம் வந்து, கீழிருந்து அவருடைய கணுக்காலைப் பிடித்தார். ஒவ்வொரு படியிலும் தன்னுடைய வெல்டிங்கைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் காலை அதன்மேல் வைத்தார்.